தலைதட்டிய அளவு

ரோம் நகரின் போர்த்தா சான் பாவ்லோ நிலையத்தில் ரயிலேறினால் அரை மணி நேரத்தில் ஓஸ்தியா அந்தீகா வந்துவிடுகிறது. முந்தைய இரண்டு நாட்களும் கொலோசியம், வெற்றி வளைவுகள் என்று பேரரசர்களின் ரோமையே பார்த்திருந்தேன். அந்த நகரத்துக்குச் சோறு போட்ட ஊரையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஓஸ்தியா என்றால் ஆற்றின் வாய். நம் மொழியில் புகார். டைபர் நதி கடலில் புகுந்த இடம் இது. பின்னாளில் ஆற்று மண் படிந்து படிந்து கடல் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப்போனது. 1557இல் வந்த பெருவெள்ளத்தில் ஆறும் தன் போக்கை மாற்றிக்கொண்டது. கப்பல் வந்த ஊரில் இப்போது குடைபோல விரிந்த பைன் மரங்களும் செங்கல் சுவர்களும்தான்.

தேய்ந்த கற்கள் பாவிய பெருந்தெருவில் நடந்தேன். நாடக அரங்கின் பின்னால் ஒரு சதுக்கம். சுற்றிலும் சிறு சிறு அறைகள். கப்பல்காரர்களும் வணிகர்களும் தொழில் நடத்திய இடம். ஒவ்வொரு அறையின் முன்னும் தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் படம் பதித்திருக்கிறார்கள். சப்ராதா ஊராரின் அறைக்கு முன்னால் ஒரு யானை. வேறோர் இடத்தில் பாய் விரித்த கப்பல்கள், இன்னோர் இடத்தில் கலங்கரை விளக்கம். கார்த்தேஜ், நார்போன் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிகூட யானையைப் பார்த்து அறையைக் கண்டுபிடித்திருப்பான்.

இத்தனை அறைகளின் வணிகத்துக்கும் அடிப்படையாக இருந்த சரக்கு கோதுமை. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் சார்தீனியாவிலிருந்தும் அது வந்தது. ரோமில் கி.மு. 58 முதல் குடிமக்களுக்குத் தானியம் இலவசம். அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2,00,000 பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆளுக்கு மாதம் 5 மோடியுஸ். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 33 கிலோ. கப்பல் தவறினால் நாற்காலி ஆடும். கி.பி. 51இல் ரோமின் கையிருப்பு பதினைந்து நாள் உணவாகச் சுருங்கியபோது, பேரரசர் கிளாடியஸை மக்கள் நகரின் பொதுச் சதுக்கத்தில் மறித்து ரொட்டித் துண்டுகளால் அடித்தார்கள். குளிர்காலக் கடலிலும் தானியம் கொண்டுவரும் வணிகர்களுக்குப் புயலில் நட்டம் வந்தால் தானே ஈடு செய்வதாக அவர் வாக்களித்தார். ஓஸ்தியாவுக்கு வடக்கே 42இலேயே அவர் தொடங்கிய புதிய துறைமுகமும் முழுக் காவலாகவில்லை. 62இல் அதற்குள் நின்றிருந்த சுமார் 200 கப்பல்களைப் புயல் மூழ்கடித்தது.

தானியக் கிடங்குகளில் ஈரம் ஏறாதபடி தரையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நெற்குதிர்களை மண் தரையில் வைக்காமல் மேடையில் வைக்கும் நம் வீடுகளின் அறிவு இங்கும் இருந்திருக்கிறது. ரொட்டிக் கூடத்தில் உடுக்கை வடிவத்தில் எரிமலைக்கல் திரிகைகள், கழுதை சுற்றி நடக்க இடம் விட்டு, இன்றும் நிற்கின்றன.

ஆனால் என்னை நிறுத்திய இடம் தானியம் அளப்பவர்களின் கூடம். தரைப்படத்தில் ஒருவர் தோளில் மூட்டையோடு வருகிறார். நடுவில் மோடியுஸ் என்னும் அளவு மரக்கால். அதன் அருகே நிற்பவர் கையில் தலைதட்டும் கோல். உருவில் சிறிய ஒருவன் எண்ணிக்கைச் சீட்டுகள் கோத்த கயிற்றைப் பிடித்திருக்கிறான்.

என் அப்பா தஞ்சைப் பக்கத்துக் களங்களில் நெல் அளந்தவர். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார். பிறகுதான் இரண்டு, மூன்று. பக்கத்தில் உட்கார்ந்து தரையில் கோடு கிழித்துக் கணக்கு வைப்பது என் வேலை. மரக்காலின் விளிம்பில் விரல் படக் கூடாது என்பார். விரல் உள்ளே போனால் கூலிக்காரருக்கு ஒரு பிடி நெல் குறையும். அந்த ஒரு பிடிக்காக அவர் மிராசுதாரரிடமே குரல் உயர்த்தியதைப் பார்த்திருக்கிறேன்.

ஓஸ்தியாவில் தானியம் கப்பலிலிருந்து இறங்கியதும் அளவு, படகில் ஏறும்போது மறுபடியும் அளவு. அந்தப் படகுகளை ஆற்றின் எதிர்நீரில் மாடுகளும் மனிதர்களும் இழுத்துத்தான் ரோமுக்குக் கொண்டுபோனார்கள். அலெக்சாந்திரியாவில் ஏற்றியவனும் ரோமில் சோறு தின்றவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இருவரும் நம்பியது நடுவில் நின்ற இந்தக் கோலை. படைகள் பிடித்த நாடுகளைப் பற்றி நிறைய படித்திருக்கிறேன். அந்த நாடுகளின் விளைச்சலைப் பசித்தவன் வாசல்வரை கொண்டு சேர்த்தது நேர்மையாகத் தட்டிய அளவு என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். காவலாளி அம்மா ஒருவர் நீண்ட துடைப்பத்தோடு வந்து, படத்தின் மேல் விழுந்திருந்த பைன் ஊசிகளைத் தள்ளினார். மூட்டைக்காரரின் மேல் ஒரு வீச்சு, சிறுவனின் மேல் ஒரு வீச்சு. துடைப்பம் மரக்காலைக் கடந்தபோது என் வாய் தானாகச் சொன்னது: "லாபம்."