ஐந்து நிமிடப் பயணம்

தொலைவு சிறிதாயினும் எல்லை பெரிது என்பதை யாம் உணர்ந்தது சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் தொடர்வண்டிச் சோதனைச் சாவடியில்தான். அங்கிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு ‘ஷட்டில் தெப்ராவ்’ வண்டி ஐந்தே நிமிடத்தில் சென்றுவிடும். இடையிலிருப்பது 1924இல் திறக்கப்பெற்ற, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடலிணைப்புப் பாதை.

2024ஆம் ஆண்டு எம் அன்னையாருடன் அவ்வண்டியேறச் சென்றோம். ஜோகூர் பாருவில் கடைச் சிப்பந்தியாயிருந்து, எம் இளமையிலேயே மறைந்து, அம்மண்ணிலேயே அடங்கிய தந்தையாரின் கபுரை ஒருமுறையேனும் காணவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

தந்தையார் காலத்தில் வண்டியேறுமிடம், 1932இல் திறக்கப்பெற்ற தஞ்சோங் பகார் நிலையம். 2011 சூன் 30ஆம் நாளோடு அங்கே வண்டிகள் நின்றன. மறுநாள் முதல் உட்லண்ட்ஸே புறப்படுமிடமாயிற்று. இங்கு இரு நாட்டுச் சோதனையும் ஒரே கூரையின்கீழ் நிகழ்கிறது. முதலில் சிங்கப்பூரை நீங்கும் சோதனை. சில அடிகள் நடந்தால் மலேசியாவுக்குள் நுழையும் சோதனை. வண்டியேறுமுன்பே அயல்நாடு புகுந்தவராகிறோம்!

பயணச்சீட்டு, கடவுச்சீட்டு, முன்னரே நிரப்பிய மின்னணு வருகைப் படிவம் யாவும் செம்மையாயிருந்தன. சிக்கல் வந்தது கைரேகையில். பெண் அலுவலர் பணித்தவாறு அன்னையார் சுட்டுவிரல்களை வைத்தார், கருவி ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், ஏற்கவில்லை. பின்னே வரிசை நீண்டது. வண்டி புறப்படும் நேரமோ நெருங்கியது.

“நல்லா அழுத்துங்க உம்மா!” எனக் கடிந்தோம்.

“கோரை தின்னது போக மிச்சந்தானே வாப்பா இது!” என்றார் அவர், சிரித்தபடி.

எமக்குச் சுருக்கென்றது. பத்தமடையில் நாற்பதாண்டுகள் கோரை கிழித்துப் பாய் நெய்த விரல்கள் அவை. அப்பாய்களை விற்ற காசில்தான் யாம் இளமுனைவர் பட்டம்வரை பயின்றோம். அதனை மறந்தன்றோ வரிசைக்கு அஞ்சிக் கடிந்தோம்!

அலுவலர் அவ்விரல்களைத் தம் கையிற் பற்றி, மெல்லத் தேய்த்து மீண்டும் வைத்தார். கருவி ஏற்றது. ஓடிச்சென்று வண்டியேறினோம், அமர்ந்து மூச்சு வாங்குமுன் மறுகரை வந்துவிட்டது.

அன்று மாலை, மீசான் கல்லை அவ்விரல்களே நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தன.

ஆளை அறியக் கருவி ரேகையைத் தேடுகிறது. ரேகை தேய்ந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டியவர் மக்களாகிய யாமல்லவோ?