நீராவிக்கு முன்னால்

2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்தது. செய்திகள் இறந்தவர்களை எண்ணின. தீக்காயத்தோடு பிழைப்பவர்களின் அடுத்த மாதங்களைப் பற்றிச் செய்தியில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதைச் சொன்னது பெரியம்மா மகள். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, நீராவியில் வைத்து, பொட்டலம் கட்டி அனுப்பும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவில் வேலை பார்க்கிறாள்.

ஆழமான, அகலமான தீக்காயம் தானாக மூடாது. தொடையிலிருந்து தோலைச் சீவி அங்கே ஒட்டவேண்டும். அதற்கு ஹம்பி கத்தி என்று ஒன்று உண்டு. நீளமான பிளேடு, அதன்மேல் ஓர் உருளை, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கத் திருகு. சீவும் தோலின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

"ஒரு புண்ணை மூட இன்னொரு புண்ணைப் பண்றாங்கடா. கத்தி சுத்தமா இல்லேன்னா ரெண்டும் சீழ் வைக்கும்" என்றாள் அக்கா.

ஒட்டிய தோல் முதல் ஓரிரு நாள் அடியில் கசியும் நீரில்தான் உயிரோடிருக்கிறது. கிருமி புகுந்தால் பிடிக்காது. மறுபடி தொடை, மறுபடி கத்தி.

"அதான் ஆட்டோகிளேவ்ல போட்டா எல்லாம் செத்துடுமே?" என்று கேட்டேன். சிரித்தாள். காய்ந்த ரத்தத்துக்கு அடியில் நீராவி ஒழுங்காகப் போய்ச் சேராது. அதனால் முதல் வேலை கழுவுவதுதான். பிளேடை விரலால் தொடாமல் கிடுக்கியால் கழற்றி, துளைபடாத வெள்ளை டப்பாவில் போடவேண்டும். மீதியைப் பிரித்து, ரத்தம் காயுமுன் என்ஸைம் கரைசலில் ஊறவைக்கவேண்டும். தண்ணீருக்குள் முக்கிவைத்தே பிரஷ் போடவேண்டும். வெளியே தேய்த்தால் முகத்தில் தெறிக்கும். திருகின் மரையில்தான் அழுக்கு ஒளிந்துகொள்ளும். மோட்டாரில் ஓடும் டெர்மடோம் என்றால் தண்ணீரில் முக்கவே கூடாது, துடைக்கத்தான் வேண்டும். கனத்த கையுறையும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இல்லாமல் அந்தத் தொட்டிப் பக்கமே போகக்கூடாது.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை வேறு. அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலைகள் வந்ததே அதற்காகத்தான். போர் தண்ணீரில் குடம் வெளுத்துப்போகும். அதே உப்பு கத்தியிலும் படியும், பாய்லரிலும் படியும். எனவே கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய தண்ணீர்.

பிறகுதான் நீராவி. 121 டிகிரி என்றால் குறைந்தது 15 நிமிடம், 134 என்றால் 3 நிமிடம். பொட்டலத்தில் ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுக்கும். அது சூடு பட்டதற்கு மட்டும்தான் சாட்சி. டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டிய பிறகும் புரொடக்‌ஷனில் விழுந்த கோடுகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு இது உடனே புரிந்தது. அக்காவின் துறையில் இதற்கு நேர்மையான ஒரு வழி இருக்கிறது. வெப்பத்தை மிக அதிகம் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளைக் குப்பியில் அடைத்து, கருவிகளோடு உள்ளே அனுப்புகிறார்கள். அப்புறம் அதை அந்த பாக்டீரியாவுக்கு ஏற்ற சூட்டில் வைத்து, வளரச்சொல்லிக் காத்திருக்கிறார்கள். ஒன்றும் வளரவில்லை என்றால் பாஸ்.

ஒவ்வொரு லோடுக்கும் எண், தேதி, நேரம், கையெழுத்து. அக்காவுக்கு நோயாளியின் பெயர் தெரியாது, முகமும் தெரியாது. தோல் பிடித்துவிட்டால் வீட்டார் டாக்டரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால்தான் அந்த ரெஜிஸ்டரைத் தேடி ஆள் வருவார்கள்.

"யாரும் வரலேன்னா நல்லா வேலை செஞ்சிருக்கேன்னு அர்த்தம்" என்கிறாள்.