சேயாற்றின் வழியே

ஆசியாக் கண்டத்தின் பூகோளத்தை நமக்குக் கற்பித்த பாடப் புத்தகங்கள் யாவும் ஹிமாலயத்தில் தொடங்கி, திபெத்துப் பீடபூமியில் ஏறி, கோபிப் பாலைவனத்தைக் கடந்து, பைகால் ஏரியின் ஆழத்தை வியந்து, யாங்ட்ஸியின் நீளத்தை அளந்து முடித்த பிறகு, தக்ஷிண பீடபூமியை இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அந்த இரண்டு வரிக்குள்ளேயே அடங்கிப் போனவர்கள். ஹிமாலயம் தலை தூக்கத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகள்தாம் ஆகின்றன. நம் காலடியில் கிடக்கும் பாறையோ 250 கோடி ஆண்டுக் கணக்கைச் சேர்ந்தது. கண்டத்தின் மிகப் புராதனமான பாகங்களில் ஒன்றில் வசித்துக்கொண்டு, நேற்றுப் பிறந்த மலைகளைப் பற்றியே பரீட்சை எழுதி வந்தோம் என்பது ஒரு வேடிக்கைதான். இந்த முதிய நிலத்தின் தன்மையை அறிய வேண்டுமானால், வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுச் செய்யாறு என்று இப்போது எழுதப்படும் சேயாற்றை, அது பிறக்கும் இடத்திலிருந்து கடல் வரையில் தொடர்ந்து போவதே நல்ல உபாயம் என்பது என் அபிப்பிராயம்.

உற்பத்தி ஸ்தானம் ஜவ்வாது மலை. கூர்ந்த சிகரங்களும் பனி மூடிய உச்சிகளும் கொண்ட மலையன்று இது. யுகயுகமாக மழையும் வெயிலும் சுற்றிலும் இருந்த நிலத்தைக் கரைத்துக் கொண்டு போக, கரையாமல் எஞ்சி நின்ற மேட்டு நிலமே இங்கே மலை என்று பெயர் பெற்றிருக்கிறது. மேலே ஏறிப் பார்த்தால் சாமையும் தினையும் விளையும் சரிவுகள், மலையாளிகள் எனப்படும் மலைவாசிகளின் ஊர்கள், இடையிடையே அருவிகள். வடமேற்கே காவலூரில் வானத்தைப் பார்த்து நிற்கும் வைணு பாப்பு வானாய்வகம். பனி உருகி ஆற்றுக்கு நீர் வார்க்கும் பாக்கியம் இந்த மலைக்கு இல்லை. மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். கங்கையையும் பிரம்மபுத்திராவையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஆறுகளை ஏளனம் செய்கிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.

மலையை விட்டு இறங்கியதும் செங்கம். ஊருக்கு மேலே குப்பநத்தம் அணை ஆற்றை ஒரு முறை நிறுத்தி வைத்து அனுப்புகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மா என்னும் இவ்வூரிலிருந்து ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழி சொல்லி அனுப்பும்போது, அவனுடைய நவிர மலையையும் இந்தச் சேயாற்றையும் மறவாமல் குறிக்கிறது. தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய வழிகாட்டி நூல் என்று அதைச் சொன்னால் புலவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். மேற்கு மேட்டு நிலத்திலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்குவதற்கு இயற்கை திறந்து வைத்த கணவாய் இது. ஆகையால்தான் 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் சேனையும் ஆங்கிலேயரின் சேனையும் இங்கே மோதிக்கொண்டன.

நவிர மலையே இன்றைய பர்வதமலை. செங்குத்தான பாறையில் கடப்பாறைகளை அடித்து நட்டு, சங்கிலி கட்டி, அவற்றைப் பிடித்துக்கொண்டு பக்தர்கள் ஏறும் அந்த மலையின் அடிவாரப் பிரதேசத்தில், காஞ்சி, கடலாடி, பூண்டி, குருவிமலை முதலிய ஆற்றங்கரை ஊர்களில் கரைகண்டேசுவரர் என்ற பெயரோடு சிவன் கோயில்கள் ஏழு உண்டு. பார்வதி தேவியின் பொருட்டு முருகன் வேலெறிந்து இந்த நதியை வரவழைத்தான் என்பது ஸ்தல புராணம். பிறகு ஆரணிப் பக்கத்திலிருந்து கமண்டல நாகநதி வந்து கலக்கிறது. செய்யாறு என்று ஆற்றின் பெயரையே சூடிக்கொண்ட நகரத்தில், ஞானசம்பந்தர் ஆண் பனைகளைக் குலை தள்ளச் செய்ததாகச் சொல்லப்படும் திருவோத்தூர்க் கோயில் இருக்கிறது. வந்தவாசிப் பாய்க்குப் பேர் வாங்கித் தந்த கோரையும் இந்தப் பக்கத்துப் பயிர்தான்.

இதற்குள் ஆறு அகன்றுவிடுகிறது. ஆனால் ஆழம் இல்லை. செங்குத்தாக விழுந்து பள்ளம் அறுப்பதற்கு இந்த நிலத்தில் சரிவே மிச்சமில்லாமையால், மலையிலிருந்து வாரிக்கொண்டு வந்த மணலை வழி நெடுகப் பரப்பி, அதற்கு அடியில் மறைந்து நடக்கக் கற்றுக்கொண்ட ஆறு இது. சித்திரை வெயிலில் படுகையில் இறங்கி, மேலே கொதிக்கும் வெண்மணலை இரண்டு கைகளாலும் வாரி ஒதுக்கினால், ஒரு சாண் ஆழத்தில் ஈரம் படிந்த பழுப்பு மணல் வரும்; முழங்கை ஆழத்தில் குழியின் ஓரங்கள் சரியத் தொடங்கி, கலங்கிய நீர் கசியும்; அதைக் கொட்டாங்குச்சியால் நாலைந்து முறை இறைத்து ஊற்றிவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால், அடியில் மணற் பரல் ஒவ்வொன்றும் தெரியும்படியாகத் தெளிந்த நீர் ஊறி நிற்கும். இந்த ரகசியத்தை அறிந்த குடியானவர்கள் படுகையில் நீளமாக ஊற்றுக்கால் வெட்டி, ஆறு வறண்டிருக்கும்போதே அதிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். மணலைக் கட்டடத்துக்கு உரிய சாமானாக மட்டுமே கருதி லாரி லாரியாக அள்ளிய பிற்காலத்தார் அழித்தது ஆற்றின் கரையையன்று, அதன் பாத்திரத்தையே. மணல் போன இடத்தில் ஊற்றுக்கால் ஏது?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலை வெங்கச்சேரியில் இந்த ஆற்றைக் கடக்கிறது. ஆண்டில் பெரும்பாகம் மணலைப் பார்த்துக்கொண்டு போகும் பஸ் பிரயாணிகள், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால், தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் புரள்கிறது என்று கேட்டுச் சுற்று வழி தேட வேண்டியிருந்தது. அனுமந்தண்டலத்துத் தடுப்பணையில் தடுத்துத் திருப்பப்படும் நீர் உத்திரமேரூர்ப் பெரிய ஏரியை வந்தடைகிறது. கல்வெட்டுகள் வயிரமேக தடாகம் என்று வழங்கும் பல்லவர் காலத்து ஏரி இதுவே.

பரந்த சமவெளியில் மூன்று மாதம் வந்து ஒன்பது மாதம் ஒளிந்துகொள்ளும் ஆற்றை நம்பி நெல் விளைவிக்க வேண்டுமானால், வந்த நீரை வந்தபோதே பிடித்து வைப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. இயற்கை இந்தப் பக்கத்துக்கு ஏரி எதையும் தரவில்லை. சரிவின் தாழ்ந்த முகத்தில் மண் கரை போட்டு, மதகு வைத்து, மிகை நீர் போகக் கலங்கல் கட்டி, மனிதர் உண்டாக்கினவையே அத்தனையும். பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்று சொன்னார்களே, அது ஆயிரம் ஆண்டு மண்வெட்டி வேலையின் பலன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த சாசனங்களைக் குடவோலைத் தேர்தலுக்காக மாத்திரம் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். முப்பது குடும்புகள், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது என்னும் விதிகளை மேடைதோறும் ஒப்பிக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் ஆறு பேரை ஏரி வாரியத்தில் அமர்த்தினார்கள் என்பதும், ஏரியில் தூர் எடுக்கப் பொன் வைத்த தர்மங்கள் இவ்வூரில் இருந்தன என்பதும் அவ்வளவாக யாருக்கும் நினைவில் இல்லை. ஆற்றின் குணம் வேறாக இருந்திருந்தால் இந்த ஊர்ச் சபைக்கு இத்தனை கண்டிப்பு தேவைப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. இன்றும் மழைக்காலத்தில் ஏரிக் கரையில் கூடி, கலங்கல் போகிறதா என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கும் ஊர்க்காரர்கள், அந்த நீர் நன்செய்க்கு இரண்டு போகம் தருமா, ஒன்றோடு நின்றுவிடுமா என்பதைக் கரையின் மேல் நின்றபடியே கணக்கிட்டுவிடுகிறார்கள்.

தொடக்கத்தில் சொன்ன முதிய பாறையாகிய, சுற்றுவட்டாரத்தில் ஜல்லிக்காக உடைபடும் கருநீலக் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சார்னோகைட் என்பது அதன் சாஸ்திரப் பெயர். கல்கத்தா நகரத்தை ஸ்தாபித்தவர் எனப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்தே கல் போயிற்று. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893-ல் இப்பெயரை இட்டார். இதே ஜாதிப் பாறை அண்டார்டிகாவின் கிழக்குக் கரையிலும் இருக்கிறது. கோண்டுவானா என்னும் ஒரே பெருங்கண்டமாக இரண்டு நிலங்களும் ஒட்டியிருந்து, ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்பது நிலவியலார் முடிவு.

திருமுக்கூடலில் சேயாறு பாலாற்றோடு சேர்கிறது. வேகவதியும் அங்கேயே வந்து கலக்கிறது. சங்கமத்தில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். எதிர்க்கரையில் பழைய சீவரம் குன்று. மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதர் பார்வேட்டைக்காக அந்தக் குன்றுக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து இங்கே வருகிறார். வீரராஜேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுச் சாசனம் ஒன்று, இக்கோயிலைச் சார்ந்து வேத பாடசாலையும், பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலசாலையும் நடந்ததைத் தெரிவிக்கிறது. வைத்தியர், சல்லியம் செய்பவர், பச்சிலை கொண்டு வருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் ஆகியோருக்குரிய ஜீவிதமும், ஓராண்டுக்கு வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் வரிசையாக உள்ளன.

அதன் பிறகு பாலாறு என்ற பெயரோடு பிரயாணம். நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து மூன்று ராஜ்யங்களில் 348 கிலோமீட்டர் நடக்கும் அந்த நதி, ஆதியில் இன்னும் வடக்கே கொசஸ்தலையாற்றின் பக்கமாக ஓடியது என்பதற்கு மண்ணில் புதைந்த பழைய தடங்கள் சான்றாக இருக்கின்றன. சரிவு இல்லாத நிலத்தில் ஆறு இடம் மாறுவது அதிசயமன்று. செங்கற்பட்டை ஒட்டிய ரயில் பாலத்தில் தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்காத தெற்கத்திப் பிரயாணி அரிது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் பிரவாகம் வந்தபோது, அந்தப் பிரயாணிகள் அதுவரை கண்டிராத பாலாற்றைக் கண்டார்கள்.

முகத்துவாரம் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூரில். பல்லவ ராஜசிம்மன் தன் வம்சாவளி முழுவதையும் தூணில் பொறித்து வைத்தது இவ்வூரில்தான். கோடையில் ஆற்றைக் கடல் மணல் மேடிட்டு அடைத்துவிடும். மழை வெள்ளம் அதை உடைக்கும். உப்பு நீர் படுகைக்குள் ஏறிக் கிணறுகளைக் கெடுக்காமல் இருக்க இப்போது குறுக்கே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். அதன் மேல்புறத்தில் நன்னீரும் கீழ்ப்புறத்தில் உவர் நீரும் நிற்கின்றன. கரையோரத்துக் குடியானவர், அணையின் மட்டத்தை இன்னும் ஓரடி உயர்த்தினால் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.