குலக்குறியும் கும்பிடு கல்லும்

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் என்னினும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர் என்று கூறித் தட்டிக் கழிக்கவே எண்ணினேன். ஆயின் அந்த வாரத்திலேயே கனடாவிலிருந்து என் மகளின் மகன் தொலைபேசியில் கேட்ட கேள்வி ஒன்று, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன் இக்கல்லூரியின் வகுப்பறையில் தொடங்கி இன்னும் முடிவுறாத ஒரு வழக்கை மீண்டும் என்முன் நிறுத்திற்று. அதனையே எழுதத் துணிந்தேன்.

பேரனுக்கு வயது பதின்மூன்று. அவன் கணினியில் ஆடும் விளையாட்டொன்றில் கற்பனைத் தேசம் ஒன்று உண்டாம். அங்கே கரடி, ஓநாய், பன்றி, பருந்து என ஒவ்வொரு குலத்துக்கும் ஒவ்வொரு விலங்குத் தெய்வமாம். அத்தெய்வங்களுக்கு உட்பொருள் என்ன என்று அவனும் நண்பர்களும் வாதிட்டுக் கொள்கின்றனர். பன்றி சினமா, செல்வமா? பருந்து அறிவா, ஆணவமா? "அம்மப்பா, எங்கட ஊரிலையும் இப்பிடிச் சாமியள் இருக்குதெல்லே? அதுகளுக்கு என்ன கருத்து?" என்று பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் கேட்டான். இரண்டு நாளிற் சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டேன். உடனே விடை சொல்லி ஒருமுறை தலைகுனிந்தவன் நான்.

அது 1966ஆம் ஆண்டு. எங்கள் சரித்திர ஆசிரியர் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடுபவர் அல்லர். ஒருநாள் அவர் குலக்குறி என்னும் கொள்கையை எங்களுக்கு விளக்கினார். வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்கள் தம் குலத்தையும் அக்குலத்துக்கு உறவான விலங்கையும் குறிக்க வழங்கிய சொல்லே மேனாட்டார் நூல்களிற் 'டோட்டம்' என்றாயிற்று. கரடிக் குலத்தார் கரடியைத் தம் உறவாகக் கருதுவர். ஒரே குலத்துள் மணம் செய்யார். பல இடங்களில் அவ்விலங்கைக் கொல்லுதலும் உண்ணுதலும் விலக்கு. மக்லெனன் என்பார் 1869இல் இக்கொள்கையைத் தொடங்கி வைத்தார். பிரேசர் 1887இல் அதற்கென ஒரு நூலே எழுதினார். இந்தியாவிலும் சந்தால் மக்களுள் முர்மு குலத்தார்க்கு நீலமான் குறி. ஹான்ஸ்தா குலத்தார்க்குக் காட்டு வாத்து. இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதி, "நம் நாட்டு நாகரும் இத்தகையோரா என்பது ஆராயத்தக்கது" என்று முடித்தார்.

பதினேழு வயதினனுக்கு இது போதாதா? கொடிகாமத்தில் எங்கள் வளவின் ஈசான மூலையில், பாலை மரமும் நொச்சியும் கொடிகளும் பின்னிக் கிடந்த ஒரு சிறு பற்றைக்குள் நாகதம்பிரான் கல் ஒன்று இருந்தது. அப்பாச்சி வெள்ளிதோறும் அதற்குப் பால் வைப்பார். அப்பற்றையில் ஒரு தடியேனும் முறிக்க எவரையும் விடார். பாம்பைப் பாம்பென்று சொல்லவும் மாட்டார். 'நல்லது' என்பார், அல்லது 'தம்பிரான்' என்பார். அவர் பெயரிலேயே நாகம் இருந்தது. கொல்லாமை, பெயர் சொல்லாமை, பெயர் தாங்குதல் என்னும் மூன்று இலக்கணமும் பொருந்தின அல்லவா? மகாவம்சம் இத்தீவகற்பத்தை நாகதீபம் என்கிறது. 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொற்சாசனத்திலும் நாகதீவு என்ற பெயர் உண்டு. இவற்றையெல்லாம் கோத்து, 'எம் குலக்குறி நாகமே' என்று ஒரு கட்டுரை எழுதி மாணவர் மன்றத்தில் வாசித்தேன். கைதட்டல் பலமாயிருந்தது. ஆசிரியரும் பாராட்டினார். ஆயின் கட்டுரையின் ஓரத்தில் 'சான்று?' என்ற ஒரு சொல்லைச் சிவப்பு மையினால் எழுதியிருந்தார். அதை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

வெற்றிப் பெருமிதத்தோடு வீடு வந்து அப்பாச்சிக்கும் அதனை வாசித்துக் காட்டினேன். அவர் ஓலைப் பெட்டி இழைத்துக்கொண்டே இறுதிவரை கேட்டார். பின்பு, "எல்லாம் வடிவா எழுதியிருக்கிறாய், மோனை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு முழங்கால் ஏலாது. ஆர் பால் வைக்கிறது?" என்றார்.

நான் சிரித்தேன். பாம்பு பால் குடிப்பதில்லை என்று விலங்கியலையும் எடுத்துச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. கையிலிருந்த சார்வோலையைக் கீழே வைத்தார். "உன்ரை கொப்பருக்கு ஒரு தமையன் இருந்தவன், தெரியுமோ?" என்றார். எனக்குத் தெரியாது, வீட்டில் எவரும் சொன்னதில்லை. தை மாதத்து அரிவு வெட்டின்போது, ஆறு வயதுப் பிள்ளை, வரம்பில் விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் நாகம் தீண்டியது. விசகடி வைத்தியரிடம் கொண்டு போகும் வழியிலேயே கை விட்டுப் போயிற்று. வளவில் அப்பொழுது இருந்த பற்றை முழுவதையும் கொளுத்தி, கண்ட பாம்பையெல்லாம் அடிப்பதென்று ஆண்கள் எழுந்தார்கள். தடுத்தவர் அப்பாச்சியின் மாமியார். அவரே அந்த மூலையைக் காட்டி, "அந்த மூலை அதுக்கு, மிச்சம் எங்களுக்கு" என்று சொல்லிக் கல்லை நாட்டுவித்தார். அடுத்து என் தகப்பனார் பிறந்தபோது அவருக்கும் நாகத்தின் பெயரையே இட்டார்கள்.

"பிள்ளையைக் கொண்டு போனதுக்குப் பால் வைக்கிறதெண்டால் லேசான அலுவலோ? முதல் வருசம் என்ரை கை நடுங்கினது" என்றார் அப்பாச்சி.

மறுநாள் காலை நானே பால் வைத்தேன். கட்டுரையை அதன்பின் எவர்க்கும் வாசித்துக் காட்டவில்லை.

அன்பர்களே, என் பிழை எங்கே என்பதை உணரப் பல்லாண்டு சென்றது. குலக்குறிக் கொள்கை பொய்யன்று. அது பொருந்தும் இடங்களிற் பொருந்தும். ஆயின் குலக்குறி என்பது பிறப்பினால் வரும் உறவு. முர்மு குலத்திற் பிறந்தவன் பிறக்கும்போதே நீலமானுக்கு உறவினன். நம்மூர் நாகலிங்கமும் நாகம்மாவும் நாகேசுவரியும் அவ்வாறு பெயர் பெற்றவர்கள் அல்லர். பெரும்பாலும் நேர்த்திக் கடனால் வந்த பெயர்கள் அவை. ஒரே வீட்டில் ஒருவன் நாகராசனாகவும் தம்பி கந்தசாமியாகவும் இருப்பான். நாகப் பெயருடையார் இருவர் தம்முள் மணம் செய்யத் தடையும் இல்லை. ஆசிரியர் கேட்ட சான்று இதுவே. அது என் கட்சிக்கு எதிரான சான்று.

எனின் நம் விலங்குத் தெய்வங்களின் உட்பொருள் யாது? அதற்கு யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆண்டுதோறும் படித்துப் பயன் சொல்லப்பெறும் கந்தபுராணமே எனக்கு வழிகாட்டிற்று. சூரபன்மன் மாமரமாய் நின்றான். வேல் அதனைப் பிளந்தது. ஒரு கூறு சேவலும் ஒரு கூறு மயிலும் ஆயின. பகைவனே கொடியானான்; பகைவனே வாகனமானான். சூரன்போரை நூறு முறை பார்த்த நமக்கு இது பழகிய கதை. ஆனால் எண்ணிப் பார்க்குந்தோறும் வியப்புத் தருவது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிற் கதையும் அத்தகையதே. பூவை வாயிற் கௌவி அம்மனை வழிபடக் கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்தது. அவ்வழி வந்த வணிகன் இடையிற் புகுந்து, தன் பொருளைக் கோயிலுக்கு ஈவதாக உடன்பட்டு, நாகத்தை விடுவித்தான். மகாவம்சத்திலும் மணிமேகலையிலும் வரும் நாக அரசர் இருவரின் கதையும், ஓர் ஆசனத்துக்காக மூண்ட போரைப் புத்தர் தணித்த கதையே. கீரிமலையிலோ, கீரி முகங்கொண்ட நகுல முனிவரும் குதிரை முகங்கொண்ட மாருதப்புரவீகவல்லியும் தீர்த்தமாடி அம்முகம் நீங்கப் பெற்றார்கள் என்பர். அங்கே விலங்கு முகம் தெய்வமன்று, துன்பம். ஆகவே எல்லா விலங்குக்கும் ஒரே திறவுகோல் இல்லை.

1962இல் பிரெஞ்சு அறிஞர் லெவி-ஸ்ட்ராஸ் குலக்குறி பற்றி எழுதிய நூலில், மக்கள் விலங்குகளைத் தேர்ந்தது வயிற்றை நினைத்தன்று, அவற்றைக் கொண்டு உலகைச் சிந்திக்க முடிந்தமையாலே என்னும் கருத்தை முன்வைத்தார். பிற்காலத்தில் அதைப் படித்தபோது ஏற்றுக்கொண்டேன். ஆயினும் அப்பாச்சியைக் கேட்டிருந்தால், சிந்திப்பதற்கு முன்னே அவற்றோடு குடியிருக்க வேண்டியிருக்கிறதே என்றிருப்பார். நெல் உள்ள இடத்துக்கு எலி வரும்; எலி உள்ள இடத்துக்கு நாகம் வரும். எலியைத் தின்று நம் விளைவைக் காப்பதும் அதுவே, நம் பிள்ளையைத் தீண்டுவதும் அதுவே. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு வாழ்வதற்கு மனிதன் கண்ட உடன்படிக்கையின் எல்லைக் கல் அது.

அந்த எல்லையை எங்கள் வீட்டார் பின்னரும் காத்தனர். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து வந்தபோது, எங்கள் வளவிலும் பல குடும்பங்கள் கொட்டில் போட்டன. இடம் போதவில்லை. அப்போதும் என் தாயார், "எங்கையும் போடுங்கோ, அந்த மூலையை மட்டும் விடுங்கோ" என்றார். வந்தவர்களும் காரணம் கேளாமலே விளங்கிக் கொண்டார்கள். 2000ஆம் ஆண்டிற் போர் தென்மராட்சிக்கே வந்தபோது நாங்களும் ஓடினோம். 2002இல் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. தென்னைகளுக்குத் தலை இல்லை. கல் மட்டும் நட்டது நட்டபடி நின்றது. அடுப்படியில் நீண்ட பாம்புச் செட்டை ஒன்று கிடந்தது. "நாங்கள் இல்லாத நேரம் அவர் வந்து இருந்திருக்கிறார்" என்றார் தாயார். அந்நாளில் அவர் சிரித்த ஒரே முறை அது.

தவணை கேட்ட மூன்றாம் நாள் பேரனுக்கு இவற்றையெல்லாம் சொன்னேன். "உன் விளையாட்டிலுள்ள பன்றிக்கும் பருந்துக்கும் என்ன பொருள் என்று கேளாதே. அக்குலத்தார் அந்த விலங்கால் எதை இழந்தார்கள், அதற்கு எதை விட்டுக் கொடுத்தார்கள் என்று கேள். அதற்கு விடை இருந்தால் அது தெய்வம், இல்லையென்றால் அது வெறும் சின்னம்" என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு கேட்டான்: "அம்மப்பா, உங்களுக்குப் பிறகு ஆர் பால் வைக்கிறது?"

அப்பாச்சியின் கேள்வியை அவன் அறியான். நானும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

உண்மையை மறைப்பானேன்? பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். வளவை விற்றுவிடப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாங்க வந்தவர் நல்லவர். பற்றையை வெட்டித் துப்புரவாக்கி மதில் கட்டித் தரவேண்டும் என்பது ஒன்றே அவர் நிபந்தனை. நான் ஏறக்குறைய உடன்பட்டிருந்தேன். மறுநாட் காலை தரகரை அழைத்து, அந்த மூலையில் அரைப் பரப்பு விற்பனைக்கு இல்லை, அதற்கு வழியும் விட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வாங்க வந்தவர் இன்னும் மறுமொழி அனுப்பவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. எனக்கும் இப்பொழுது முழங்கால் ஏலாது. பொல்லை ஊன்றிக்கொண்டு மெல்லப் போய் வைத்துவிட்டு வந்தே இதனை எழுதி முடிக்கிறேன்.