கருத்துப்போன பிளக் சொன்ன சேதி

ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறத் தொடங்கியதுமே வண்டியின் குரல் மாறிவிட்டது. இழைந்து வரவேண்டிய சத்தம் விட்டு விட்டு வந்தது. மூன்றாவது கியரில் ஏறவேண்டிய மேட்டில் முதல் கியர் கேட்டு முனகியது.

"ஒரு சிலிண்டர் அடிக்கலப்பா" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த மகள்.

"மலைக்காத்து பாப்பா. மேல போகப் போக இப்படித்தான்" என்றார் அப்பா.

"காத்துன்னா ரெண்டு சிலிண்டருமே திணறணும். இங்கே ஒண்ணுதானே படுத்திருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. சற்று முன்புதான் இன்னொரு சங்கடம் நடந்திருந்தது. அவருடைய இடது கால் செருப்பு வழியில் கழன்று விழுந்துவிட்டது. அது அவருக்குத் தெரியவே இல்லை. மகள்தான் பார்த்து, வண்டியைத் திருப்பச் சொல்லி எடுத்துக்கொடுத்தாள்.

வண்டி, ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350-ஐ அடிப்படையாக வைத்து, ஃபரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் தயாரித்தது. 347 சிசி, டூ ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர். 'ஹை டார்க்' என்று அழைக்கப்பட்ட வகைக்கு 30.5 குதிரைத்திறன். அந்தக் காலத்து இளைஞர்களுக்கு அது ஒரு கனவு. ஆனால், பெட்ரோல் தண்ணீராகச் செலவாகும். செலவு தாங்காமல் ஒருவர் விற்றதைத்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1991-ல் இந்த ஆசிரியர் வாங்கினார். இப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார். வண்டிக்கு ஓய்வு கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

அன்று சனிக்கிழமை. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தை மகளுக்குக் காட்டுவதாகப் பேச்சு. 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் 'அப்புறம்' என்று தள்ளிப்போன பயணம் அது.

ஒரு பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, இரண்டு சைலன்சர் குழாய்களின் மேலும் சொட்டுச் சொட்டாக விட்டாள். இடது குழாயில் விழுந்த சொட்டு 'சுர்ர்' என்று பொரிந்து மறைந்தது. வலது குழாயில் விழுந்தது அப்படியே உருண்டு நின்றது.

"வலதுதான் அடிக்கல."

இதையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அவள் ஏழாவது படிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைதோறும் பிளக்கைக் கழற்றிக் கையில் கொடுத்துப் பாடம் நடத்துவார். "பிளக், இன்ஜினோட நாக்கு மாதிரி பாப்பா. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பாக்கறாரு இல்ல? அந்த மாதிரி" என்பார். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் இன்ஜின் நலம். கறுப்பாக, உலர்ந்த கரியாக இருந்தால் காற்றைவிடப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடாகிறது. டூ ஸ்ட்ரோக்கில் அதுதான் பெரிய ஆபத்து, பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கறுப்பாக, ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தால் எண்ணெய்.

வலது பிளக்கை மகள் கழற்றினாள். முனை கன்னங்கரேலென்று மினுமினுத்தது.

அப்பா அதற்குள் டூல்ஸ் பையிலிருந்து புது பிளக் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதைப் போடு. கிளம்பலாம்."

"இது எத்தனாவது?"

"மூணு மாசத்துல மூணாவது."

"மூணும் வலது பக்கத்துக்கேவா?"

"ஆமா."

"அப்ப பிளக் மேல தப்பு இல்லப்பா. காயில் பாத்தீங்களா?" இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பாயின்ட், தனி காயில். ஒன்று படுத்தாலும் இன்னொன்று ஓடும்.

"போன மாசமே ரெண்டையும் இடம் மாத்திப் பாத்துட்டேன். அப்பவும் வலதுதான் கறுக்குது."

மகள் பிளக் முனையை விரலால் தொட்டுத் தேய்த்தாள். பெட்ரோல் ஈரமாக இருந்தால் சீக்கிரம் ஆவியாகிவிடும். இது போகவில்லை, கெட்டியாக வழுவழுத்தது. முகர்ந்து பார்த்தாள்.

"கியர் ஆயில் அளவு குறையுதா?"

அவர் சற்றுத் தயங்கினார். "குறையுது. அப்பப்ப கொஞ்சம் ஊத்துவேன்."

"தரையில சொட்டுதா?"

"இல்ல."

"வலது சைலன்சர்ல மட்டும் புகை அதிகமா வருதா?"

அவர் தலையசைத்தார். விடை கிடைத்துவிட்டது. சொட்டாமல் குறைகிற எண்ணெய், உள்ளே போய் எரிகிறது.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையும் ஒரு பம்ப் போல வேலை செய்யும். பிஸ்டன் மேலே போகும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அது உறிஞ்சும். அந்த அறையில் காற்றுப் புகக்கூடாது. இந்த வண்டியில் கிளட்ச்சும் கியர் ஆயிலும் வலது பக்கம். ஆயிலுக்கும் கிராங்க் அறைக்கும் நடுவே தடுப்பாக இருப்பது ஒரு ரப்பர் சீல். வயதாகி அது இறுகிப்போனால், ஒவ்வொரு உறிஞ்சலிலும் கொஞ்சம் கியர் ஆயிலும் உள்ளே வரும். பிளக் முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். எண்ணெய் வந்துகொண்டே இருந்தால் எந்தப் புது பிளக்கும் தாங்காது.

"உங்களுக்கு இது தெரியாதாப்பா?"

"தெரியும்" என்றார் மெதுவாக. "சீலை மாத்தணும்னா இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும். இந்த வயசுல பிரிச்சா மறுபடி சேருமோ சேராதோன்னு ஒரு பயம். பிளக்கை மாத்தினா நாலு நாள் ஓடுதே."

சமாளிப்பதுபோல், "இரு, ஒத்துப்பாக்க இடது பிளக்கையும் கழட்டறேன்" என்று வண்டியின் இடது பக்கம் போய்க் குனிந்தார். துணியைச் சுற்றி ஸ்பானரைத் திருப்பினார். பிளக் வெளியே வந்தது. அழகான பிஸ்கட் நிறம். "பாத்தியா, எப்படி இருக்கு!" என்று சிரித்தார்.

மகள் பிளக்கைப் பார்க்கவில்லை. அவருடைய இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்காலுக்கு மேலே, சூடான சைலன்சர் குழாயில் கால் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா... கால்!"

"என்ன கால்?"

அவள் பிடித்து இழுத்தாள். தோல் சிவந்து கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் அதை யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு அம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். "பேஸ்ட் தடவினா எரிச்சல் அடங்கும் கண்ணு" என்றார். "வேணாம்மா, தண்ணியே போதும்" என்று மகள் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கும். பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கும். கியர் மாத்தும்போதும் சரியாத் தெரியாது. வயசுதானேன்னு..."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்குப் போறது? பழைய சீட்டைக் காட்டினா மருந்துக்கடையில அதே சுகர் மாத்திரை தர்றாங்க."

"கடைசியா ரத்தம் டெஸ்ட் பண்ணது?"

அவர் மலையைப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருப்பவர். கால் மரத்துப்போவதற்குத் தைலம். அது போகவில்லை என்றால் இன்னொரு தைலம்.

மகள் கறுத்த பிளக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். எதுவும் சொல்லவில்லை. அவரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காவலூருக்குப் போகவில்லை. புது பிளக்கைப் போட்டு, மகள் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து மலை இறங்கினார்கள்.

அன்றே டாக்டர் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். பிறகு, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார். நான்கு இடங்களில்தான் தெரிந்தது. அதிர்வைச் சோதிக்கும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். தெரியவில்லை. சர்க்கரையால் நரம்பு பாதிக்கும்போது பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும் என்றார். போன உணர்ச்சி முழுதாகத் திரும்புவது கடினம். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தால் மேலும் மோசமாவதைத் தள்ளிப்போடலாம். தினமும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஏனென்றால், வலி இனி வந்து சொல்லாது.

அடுத்த மாதம் வாணியம்பாடியில் இன்ஜினைப் பிரித்தார்கள். வெளியே வந்த ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருந்தது. புது சீல் போட்டுச் சேர்த்தபோது இன்ஜின் சேர்ந்துகொண்டது. அவர் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை.

மகள் இப்போது ஞாயிறுதோறும் வேலூரிலிருந்து போன் செய்கிறாள்.

"கியர் ஆயில் அளவு பாத்தீங்களா?"

"பாத்தேன். குறையவே இல்ல. பிளக்கும் பிஸ்கட் கலர்."

"கால்?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. கண்ணாடியைத் தரையில் வைக்கிற ஓசை கேட்கிறது.

"பாத்துக்கிட்டிருக்கேன் பாப்பா."