கறுப்பு ஜன்னலும் மோட்டார் ரூம் சாவியும்

எங்க வீட்டுல மழைக் கணக்கு நோட்டுன்னு ஒண்ணு உண்டு. 2004-ல இருந்து எழுதிட்டு வர்றேன். எந்தத் தேதியில எத்தனை உழவு மழை, கிணத்துல தண்ணி எத்தனை அடி ஏறுச்சு, மஞ்சள் என்னைக்கு நட்டோம், என்ன விலைக்குப் போச்சு, எல்லாம் அதுல இருக்கும். ரெண்டு நோட்டைக் கரையான் தின்னுடுச்சு. மிச்சத்தையாவது காப்பாத்தணும்னு எம் புள்ளை ஒவ்வொரு பக்கமா போட்டோ புடிச்சு, கூகுள் கிளவுட்டுல போட்டு வைக்க வழி பண்ணிக் குடுத்தா. அவ கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கறவ. இப்ப மாசக் கடைசியில புதுப் பக்கங்களை நானே ஏத்திடறேன்.

கிளவுடுன்னா மேகம்னு பேருதானே தவிர, வானத்துல ஒண்ணுமில்லீங்க. ஒரு கட்டடத்துல வரிசையா நிக்கிற கம்ப்யூட்டருங்கதான். கூகுளுக்கு அப்படி ஒரு இடம் 2017-ல மும்பையிலயும், 2021-ல டெல்லிப் பக்கமும் வந்துச்சு. என்னோட நோட்டு இருக்கறது மும்பையில. இங்க கரையான் அரிச்சாலும் அங்க இருக்கறது அப்படியே இருக்கும்.

தோட்டத்துல நெட்டு ஒரு கோடு, ரெண்டு கோடுதான் காட்டும். படம் படமா வர்ற வெப்சைட்டு சுத்திக்கிட்டே கெடக்கும். அதனால கறுப்பு ஜன்னல்ல எழுத்துல கட்டளை அடிக்கிற கருவியைப் போட்டுக் குடுத்திருக்கா. உள்ள போறதுக்கு அடிக்க வேண்டியது மூணே வார்த்தை: ஜிகிளவுட் ஆத் லாகின். நான் பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீசு அதுக்குப் போதும்.

அதை அடிச்சா கறுப்பு ஜன்னல் பாஸ்வேர்ட் கேக்காது. பிரவுசரைத் தொறந்து கூகுளோட சொந்தப் பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகும். பாஸ்வேர்டை அங்கதான் போடறோம். 'கூகுள் கிளவுட் எஸ்டிகே உங்க கணக்குக்குள்ள வரப் பாக்குது, சம்மதமா'ன்னு கேக்கும். சரின்னு அமுக்கினா, கறுப்பு ஜன்னல் உள்ள போயிடும்.

"பாஸ்வேர்டு குடுக்காம அது எப்புடி கண்ணு உள்ள போகுது?"ன்னு கேட்டேன்.

"அப்பா, நம்ம கூட்டுக் கிணத்து மோட்டார் ரூம் சாவி மாதிரிங்க"ன்னா.

அப்பத்தான் வெளங்குச்சு. எங்க கிணத்துல மூணு பங்கு. பங்காளிக்கு முறை வந்தா மோட்டார் ரூம் சாவியைத்தான் குடுப்போம், வீட்டுச் சாவியைக் குடுக்க மாட்டோம். அவர் மோட்டார் போடலாம், பீரோவைத் தொறக்க முடியாது. இங்கயும் அப்படித்தான். பாஸ்வேர்டு கூகுள்கிட்ட மட்டும். கருவிக்குக் கெடைக்கிறது ஒரு அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டு ஒரு மணி நேரத்துக்குத்தான் செல்லும். தீர்ந்தா கருவியே புதுசு வாங்கிக்கும், அதனால நமக்குத் தெரியாது.

சாவி லேப்டாப்புலயே இருக்கறதால ஒரு சாக்கிரதை வேணும். ரிப்பேருக்குக் குடுக்கறதுக்கு முன்னால ஜிகிளவுட் ஆத் ரிவோக்னு அடிச்சுடுவேன். சாவியைத் திரும்ப வாங்கின மாதிரி. லேப்டாப்பே தொலைஞ்சு போனாலும், கூகுள் கணக்குப் பக்கத்துல போயி அந்த அனுமதியை எடுத்துடலாம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, இதுல இன்னொரு வகை இருக்கு. மைக்ரோசாஃப்ட்டோட அஸூர்லயும் அதைச் செய்யலாம். கறுப்பு ஜன்னல் ஒரு சின்னக் குறியீடு காட்டும். நம்ம போன்ல அவங்க பக்கத்தைத் தொறந்து அதைப் போட்டா, அந்தக் கம்ப்யூட்டர் உள்ள போயிடும். பிரவுசர் இல்லாத கம்ப்யூட்டருக்காக வந்த வசதி. ஆனா எவனோ ஒருத்தன் அவன் கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சுட்டு, "இந்தக் குறியீட்டைப் போடுங்க"ன்னு நமக்கு அனுப்பினா? பக்கம் அசல் பக்கம்தான். பாஸ்வேர்டையும் நாம யாருகிட்டயும் சொல்லலை. ஆனா சாவி அவன் கைக்குப் போயிடும். இப்படி ஏமாத்தறது நெசமாவே நடக்குது.

எங்க அப்பாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ நீட்டின காகிதத்துல கைநாட்டு வச்சாரு, ஒன்றரை ஏக்கர் போச்சு. காகிதம் அசல், முத்திரை அசல், கைநாட்டும் அவரோடதுதான். அதுல என்ன எழுதியிருந்துச்சுங்கறதுதான் அவருக்குத் தெரியலை. 'சம்மதம்'னு ஒரு பொத்தானைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அந்த மைப்பெட்டிதான் ஞாபகத்துக்கு வருது.

டவுன்ல இருக்கற நீங்க ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்குப் போன் பண்றப்ப, "பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதீங்க"ன்னு சொல்லியிருப்பீங்க. அது பத்தாதுங்க. "நீங்களா ஆரம்பிக்காத வேலைக்கு வர்ற நம்பரை எங்கயும் போடாதீங்க, சம்மதம்னு அமுக்காதீங்க"ன்னும் சேத்துச் சொல்லுங்க. அவசரம், இப்பவே போடுங்கன்னு எவனாச்சும் சொன்னா, போனை வச்சுட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்க. அப்படிக் கூப்பிடறப்ப வேலையா இருந்தாலும் எடுத்துப் பேசுங்க.