சிற்றுருவப் படைகளும் சிக்கனமும்: நாட்டிங்ஹாம் வார்ப்பகங்களில் ஒரு களப்பார்வை

மேசைப் போர் விளையாட்டு என்பது, சில சென்டிமீட்டர் உயரமுள்ள படைவீரர் உருவங்களை மேசைமீது அணிவகுத்து நிறுத்தி, அவை நகரும் தொலைவை அளவுநாடாவாலும் மோதலின் முடிவைப் பகடையாலும் தீர்மானிக்கும் விளையாட்டாகும். இவ்வுருவங்களைச் செய்யும் தொழில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரைச் சுற்றிச் செறிந்திருப்பதால், ஈய வட்டாரம் என்னும் பொருளில் அப்பகுதி ‘லெட் பெல்ட்’ என அழைக்கப்படுகிறது. 1979இல் அருகிலுள்ள நியூவர்க்கில் சிட்டடல் மினியேச்சர்ஸ் தொடங்கப்பட்டதும், அதனோடு இணைந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் லண்டனிலிருந்து நாட்டிங்ஹாமுக்குப் பெயர்ந்ததும், அங்குத் தொழில் பயின்றவர்கள் பின்னர்த் தனி நிறுவனங்களை அமைத்ததும் இச்செறிவுக்குக் காரணங்களாகும். செலவு மிக்கதெனப் பெயர்பெற்ற இவ்விளையாட்டில் எச்செலவைத் தவிர்க்கலாம் என்பதை, உருவத்தின் விலை பிறக்கும் இடமான பட்டறையே தெளிவாகக் காட்டுகிறது.

சிறு வார்ப்பகத்தின் வேலை சிற்பியின் மேசையில் தொடங்குகிறது. நீலமும் மஞ்சளுமாக இரு பட்டைகளாய் வந்து, பிசைந்ததும் பச்சையாகிச் சில மணி நேரத்தில் இறுகிவிடும் எபாக்சி மக்கைக் கம்பிச் சட்டத்தின்மேல் அப்பி, ஊசிமுனைக் கருவிகளால் முகத்தையும் உடைமடிப்பையும் செதுக்கி, ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயர மூலவுருவை அவர் ஆக்குகிறார். இப்பணியின் ஒரு பகுதி இன்று கணினித் திரைக்கு மாறியுள்ளது. மூலவுருவை இரு ரப்பர் வட்டுகளுக்கிடையே வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்தால் அச்சு உருவாகிறது. அந்த வெப்பத்தில் மூலவுரு பல சமயம் சிதைந்துவிடுவதால், முதல் அச்சில் வார்த்த உலோகப் படிகளைக் கொண்டே உற்பத்திக்கான அச்சுகள் செய்யப்படுகின்றன. வார்ப்பவர் அச்சின் உட்பரப்பில் டால்க் தூளைத் தூவி, அதைச் சுழல் எந்திரத்தில் பொருத்தி, உருகிய வெள்ளீயக் கலவையை நடுத்துளை வழியே ஊற்றுகிறார். சுழற்சி உலோகத்தை விளிம்பை நோக்கித் தள்ளி, வாளின் நுனிவரை நிரப்புகிறது. குறையுள்ள வார்ப்புகளும் வெட்டி எடுத்த வாய்க்கால் துண்டுகளும் கொப்பரைக்கே திரும்பி மீண்டும் உருகுவதால் உலோகம் அதிகம் வீணாவதில்லை. விலையில் கணிசமான பங்கு சிற்பியின் நாள்களுக்கும் வார்ப்பவரின் கைநேரத்துக்கும் உரியது.

கெட்டி பிளாஸ்டிக் உருவங்களின் கணக்கு வேறு. அவற்றுக்கான எஃகு அச்சைச் செதுக்கப் பெருஞ்செலவு ஆனாலும், ஓர் அச்சிலிருந்து ஏராளமான படிகள் எடுக்கலாம் என்பதால் உருவமொன்றின் விலை குறைகிறது. ஆனால் அவை பெரும்பாலும் கை, தலை, துப்பாக்கி எனத் தனித்தனித் துண்டுகளாகச் சட்டகத்தில் வருவதால், ஒட்டிச் சேர்க்கும் உழைப்பு வாங்குபவருக்கு மாறுகிறது.

சிக்கனம் இத்தொழிலுக்குப் புதிதன்று. 1893இல் லண்டனின் பிரிட்டன் குடும்ப நிறுவனம், உருகிய ஈயம் அச்சின் சுவரோரம் இறுகியவுடன் நடுவில் எஞ்சியதைக் கவிழ்த்து வெளியேற்றும் உள்ளீடற்ற வார்ப்பைக் கையாண்டு, குறைந்த உலோகத்தில் பொம்மை வீரர்களைச் செய்து, ஜெர்மன் இறக்குமதியைவிட மலிவாக விற்றது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் விதிநூல் அத்தகைய கடைப் பொம்மைகளையும், குழந்தைகளின் மரக்கட்டைகளையும், மரமாக நட்டுவைத்த சுள்ளிகளையும் கொண்டே போர்க்களம் அமைத்தது. 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் விற்ற மென்பிளாஸ்டிக் வீரர்களின் பெட்டிகள், வண்ணம் எளிதில் உதிரும் குறை இருந்தும், பள்ளிச் சிறுவரின் கைக்காசுக்குள் ஒரு படையையே அடக்கின.

இந்த மரபிலிருந்து இன்றைய சிக்கன வழிகள் மூன்று கிளைக்கின்றன. முதலாவது அளவைக் குறைப்பது: உயரம் பாதியானால் கன அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால், 6 மில்லிமீட்டர் உருவங்களில் பெரும்படையும் சிறு மேசையில் குறைந்த உலோகத்தில் அமைகிறது. இரண்டாவது எண்ணிக்கையைக் குறைப்பது: பக்கத்துக்குப் பத்துப் பேர் மட்டும் மோதும் கைகலப்பு வகை விளையாட்டுகளில், 2015இல் வெளிவந்த ‘ஃப்ராஸ்ட்கிரேவ்’ போல, எந்த நிறுவனத்தின் உருவத்தையும் பயன்படுத்தலாம். மூன்றாவது உழைப்பைத் தானே ஏற்பது: பொதிவுப் பெட்டியின் நுரைப்பலகை மலையாகிறது, காய்ந்த தேயிலைத்தூள் சருகாகிறது, காப்பி கலக்கும் குச்சி வேலியாகிறது, மிக நீர்த்த கருவண்ணம் உடைமடிப்புகளில் தேங்கி நிழலாகிறது.

மூன்று வழிகளிலும் மூன்றாவதே பட்டறைக்கு மிக நெருக்கமானது. வார்ப்பகத்தில் அரத்தால் பிசிறு தேய்ப்பவர் செய்யும் அதே வேலையை, அங்கு விட்டுப்போன பிசிறோடு வந்த உருவத்தைக் கையில் எடுத்து, பழைய செய்தித்தாளை விரித்த மேசையில் விளையாடுபவர் தொடர்கிறார். அவர் மிச்சப்படுத்துவதன் பெரும்பகுதி அந்தத் தொழிலாளியின் கூலி, அதற்கு அவர் கொடுப்பது தம் மாலைநேரம்.